வெப்பமண்டலக் காட்டில் மரத்தைச் சரியாக அளப்பது எப்படி? பனாமா போகும் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

வெளிநாட்டுக் காட்டு ஆய்வு நிலையத்தில் கோடைப் பயிற்சிக்கு எப்படி விண்ணப்பிப்பது, விசா எப்படி வாங்குவது என்பதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். காட்டுக்குள் போனபின் கையில் டேப்பைக் கொடுத்து, “அந்த மரத்தை அளந்துவிட்டு வா” என்று சொன்னால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. நான் பயிற்சி பெற்றது பனாமாவின் பாரோ கொலராடோ தீவில். அங்கே கற்றதை வைத்தே எழுதுகிறேன். முறை எந்தக் காட்டுக்கும் பொருந்தும்.

முதலில் இடத்தைப் பற்றி. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை அணை கட்டித் தடுத்தபோது காத்தூன் ஏரி உருவானது. நீர் ஏற ஏற, மூழ்காமல் தப்பிய ஒரு குன்றுதான் இந்தத் தீவு. 1923 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. காம்போவா என்ற சிற்றூரிலிருந்து படகில் போக வேண்டும். 1980-இல் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இரண்டு சூழலியலாளர்கள் இங்கே 50 ஹெக்டேரை அளந்து எல்லை போட்டார்கள். அதற்குள் 1 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் உண்டு. மொத்தம் 2 லட்சத்துக்கும் அதிகமான தண்டுகள், ஏறக்குறைய 300 இனங்கள். 1985-இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கிறார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

ஜூன், ஜூலை என்றால் பனாமாவில் நல்ல மழைக்காலம். தீவில் ஆண்டுக்குச் சுமார் 2,600 மி.மீ. மழை பெய்கிறது. பேனாவை விட்டுவிடுங்கள், பென்சில் போதும். நனையாத தாள் கொண்ட ‘ரைட் இன் த ரெயின்’ நோட்டு விலை அதிகம்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். பலர் மொபைலில் பதிவு செய்கிறார்கள். ஈரக் கையால் திரையைத் தொட்டுத் தப்பான எண் ஏறிவிட்டால் பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதால் நான் காகிதத்தின் பக்கம்.

டேப்பில் இரண்டு வகை. நேராக விட்டத்தைக் காட்டுவது ஒன்று, சாதாரண சுற்றளவு டேப் இன்னொன்று. புதியவர்களுக்குச் சுற்றளவு டேப்தான் நல்லது என்பேன். வந்த அளவை 3.1416-ஆல் வகுத்தால் விட்டம். 94.2 செ.மீ. சுற்றளவு என்றால் 30 செ.மீ. விட்டம். கண்ணாடியிழை டேப் நாளடைவில் இழுபட்டு நீளும். அவ்வப்போது இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். விரல் தடிமன் செடிகளுக்கு டேப் சரிப்படாது, இரண்டு தாடையால் கவ்வி அளக்கும் காலிப்பர் வேண்டும்.

காலுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். பேண்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள், உண்ணி ஏறாது.

1.3 மீட்டர்

பெரும்பாலான நாடுகளில் மரத்தை அளக்கும் உயரம் தரையிலிருந்து 1.3 மீட்டர், அதாவது மார்பு உயரம். உங்கள் மார்பை நம்பாதீர்கள். 1.3 மீட்டருக்கு ஒரு பிவிசி குழாயை வெட்டி வைத்துக்கொண்டு மரத்தோடு சேர்த்து நிறுத்துங்கள். சரிவில் நிற்கும் மரமா? மேட்டுப் பக்கத்திலிருந்து அளங்கள். சாய்ந்த மரத்துக்குச் சாய்வின் அடிப்பக்கமாக, தண்டை ஒட்டியே 1.3 மீட்டர். அதற்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் தனித்தனியே.

கையை வைக்கும் முன் மரத்தைப் பாருங்கள். அஸ்ட்ரோகாரியம் என்ற பனை வகையின் தண்டு முழுக்க நீண்ட கறுப்பு முட்கள். வழுக்கும்போது கை தானாக அதைத்தான் பிடிக்கப் போகும். அடிமரத்தில் புல்லட் எறும்பு ஊர்கிறதா என்றும் பாருங்கள். கடித்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

டேப்பைச் சுற்றுவது

பாசியையும் உதிரும் பட்டையையும் கையால் மெல்லத் தட்டிவிடுங்கள், சுரண்ட வேண்டாம். தண்டில் ஒட்டிப் படர்ந்த கொடியின் மேல் டேப் போகக்கூடாது; கொடியைச் சற்றே தூக்கி, அடியில் நுழைத்து எடுங்கள். டேப் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் டேப் 10 டிகிரி சாய்ந்தாலே சுற்றளவு ஏறக்குறைய 7 மி.மீ. கூடிவிடும், விட்டத்தில் 2 மி.மீ.க்கு மேல். நிழலில் வளரும் பல இனங்கள் ஆண்டுக்கு 1 மி.மீ. கூடத் தடிக்காதவை. டேப் கோணினால் அந்த மரத்தின் சில ஆண்டு வளர்ச்சி உங்கள் பிழைக்குள் மறைந்துபோகும். ஆகவே முன்பக்கம் பார்த்தால் போதாது, மரத்தைச் சுற்றி நடந்து பின்பக்கமும் பாருங்கள்.

பலகை வேர் மரங்கள்

என்னை அதிகம் திணறவைத்தது இதுதான். நம் ஊர்த் தோட்டங்களில் பஞ்சுக்காக வளர்க்கும் இலவ மரம், செய்பா பென்டாண்ட்ரா, அங்கே காட்டின் மிகப்பெரிய மரங்களில் ஒன்று. அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் அதன் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கும் மேலே போகும். இரண்டு வேருக்கு நடுவே நின்றால் சிறிய அறைக்குள் நிற்பதுபோல் இருக்கும். 1.3 மீட்டரில் டேப்பை எங்கே சுற்றுவது? வேரின் ஓரங்களைத் தொட்டுச் சுற்றினால் நடுவிலுள்ள காற்றையும் சேர்த்து அளந்ததாகிவிடும்.

விதி இது: பலகை வேர் முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளக்க வேண்டும். வேர் எங்கே முடிகிறது என்பதில்தான் சிக்கல். அது படிப்படியாகத் தண்டோடு கலந்துவிடும், கோடு எதுவும் இருக்காது. பத்தடி தள்ளி நின்று, தண்டின் இரண்டு விளிம்பும் கீழிருந்து மேலாக எங்கே நேராகின்றன என்று பாருங்கள். பிறகு வேறு பக்கம் போய் மறுபடி பாருங்கள். எல்லா வேரிலும் உயரமாகப் போகும் வேரே கணக்கு. அதற்கு மேல் 50 செ.மீ. வைத்து, ஏணி போட்டு ஏறுங்கள். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறவே கூடாது. டேப்பை நேரடியாகச் சுற்ற வராது. முதலில் மெல்லிய கயிற்றை ஒருவர் மறுபக்கம் அனுப்ப, இன்னொருவர் வாங்கி, அதன் நுனியில் டேப்பைக் கட்டி இழுங்கள்.

அளந்ததும் முதல் வேலை, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று எழுதுவது. இரண்டாவது, அந்த இடத்தில் பெயின்டால் கோடு போடுவது. சுற்றளவை அதற்குப் பிறகு எழுதினால் போதும் என்றே சொல்வேன். மேலே 314 செ.மீ. சுற்றளவு, அதாவது 100 செ.மீ. விட்டம் உள்ள மரத்தைக் கொஞ்சம் கீழே அளந்து 110 செ.மீ. என்று ஒருவர் எழுதிவிட்டார் என வைத்துக்கொள்வோம். வெப்பமண்டலக் காடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் 2014-ஆம் ஆண்டு ஷாவ் குழுவின் சூத்திரத்தில், மரத்தின் உயரம் மாறாமல் விட்டம் 10 சதவீதம் கூடினால் எடை சுமார் 20 சதவீதம் கூடும். அந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் என்பதால் காட்டின் கார்பன் கணக்கும் பிழையாகும். ஐந்தாண்டு கழித்து வருபவர் சரியான உயரத்தில் அளந்தால், உயிரோடு செழித்து நிற்கும் மரம் இளைத்துவிட்டதாகப் பதிவாகும். உயரம் எழுதியிருந்தால் அவரால் திருத்திக்கொள்ள முடியும்.

வேர்கள் மேல்நோக்கி வளர்வதால் பழைய கோடு வேருக்குள் போயிருப்பதும் உண்டு. அப்போது பழைய கோட்டில் ஒருமுறை, புதிய உயரத்தில் ஒருமுறை என இரண்டையும் அளந்து இரண்டு உயரத்தோடும் எழுதுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டார்கள். கட்டாயம் போடுங்கள். பனாமாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

வெளிநாடு போக முடியாதவர்கள் எங்கே பழகுவது என்றும் கேட்டிருந்தார்கள். நம் முதுமலையிலேயே இதே முறையில் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுப் பகுதி இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் நடத்துவது. இலங்கையில் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டேர். அதற்கும் முன்னால், உங்கள் தெருவில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். இருவர் அளவும் சில மி.மீ.க்குள் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இலை, விதை எதையும் அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தாலே இனம் கண்டறியப் பெரும்பாலும் போதும்.