ஆர்டிஐ மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. ஆத்திரத்தோடு உட்கார்ந்து, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) என் முதல் மனுவை எழுதினேன்: “எங்கள் தெருச் சாலையை ஏன் இவ்வளவு மோசமாகப் போட்டீர்கள்?” தாங்கள் கோருவது ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சட்டத்தைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எஃப்) ‘தகவல்’ என்று சொல்வது ஆவணம், அறிக்கை, ஒப்பந்தம், மாதிரி என்று அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருப்பவற்றை. நமக்காக யோசித்துப் புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை. அதனால் மனுவின் பலமெல்லாம் சொல்லில்தான் இருக்கிறது.

படி 1: கோபத்தைத் தனித்தாளில் எழுதுங்கள்

மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுங்கள். அப்புறம் ‘ஊழல்’, ‘அநியாயம்’, ‘மோசம்’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் தேவையில்லை. பிரிவு 6(2) அந்த உரிமையைத் தருகிறது.

படி 2: ‘ஏன்’ இருந்த இடத்தில் ஆவணத்தின் பெயரை வையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அந்த வேலை நடந்தபோது என்னென்ன காகிதம் உருவாகியிருக்கும் என்று யோசியுங்கள். சாலை என்றால் மதிப்பீடு, பணி ஆணை, முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம் (எம்-புக்), ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில். இப்போது என் கேள்வியை மாற்றிப் பாருங்கள்:

“வார்டு 7, பிள்ளையார் கோயில் தெருவில் 01.04.2023 முதல் 31.03.2024 வரை நடந்த சிமென்ட் சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகிய மூன்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்கவும்.”

சாலையின் கனம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பது மதிப்பீட்டில் இருக்கும். எவ்வளவு போட்டதாகப் பதிந்தார்கள் என்பது அளவுப் புத்தகத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கேட்காத ‘ஏன்’ என்பதற்கே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

படி 3: வழுக்கும் சொற்களைத் தேடுங்கள்

‘சமீபத்தில்’ என்பதற்குத் தேதி போடுங்கள். ‘எங்கள் பகுதி’ என்பதற்கு வார்டும் தெருப் பெயரும் எழுதுங்கள். ‘முழு விவரம்’ என்று எழுதினால், எது முழுமை என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். ‘மதிப்பீடு அல்லது பணி ஆணை’ என்று எழுதாதீர்கள். அந்த ஒரு ‘அல்லது’ போதும், இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்து முடித்துவிடலாம். ‘நகல் உள்ளதா?’ என்று கேட்டால் ‘உள்ளது’ என்றே பதில் வரும். ‘நகல் வழங்கவும்’ என்று எழுதுங்கள்.

படி 4: விஷயம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்

வீட்டில் யாராவது போதும். “என்ன கேட்டிருக்கிறேன்?” என்று கேளுங்கள். அவர் தயங்கும் வரியைத் திரும்ப எழுதுங்கள்.

சரி, இனி அனுப்பலாம். அந்த அலுவலகத்தின் ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரியிட்டு, தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். மனு போய்ச் சேர்ந்த நாளைக் குறித்துவையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், பிரிவு 19(1)இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்ய அந்தத் தேதிதான் வேண்டும்.