நாலரை லட்சம் இடங்களைச் சலிப்பது எப்படி? மெத்திலேற்றத் தரவுக்கு ஒரு தொடக்கப் பாடம்

டிஎன்ஏவில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஏறுவதுதான் மெத்திலேற்றம்; அதைச் சுமார் நாலரை லட்சம் இடங்களில் அளப்பது 450கே சிப். அதன் தரவு கைக்கு வந்ததும், இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்கு நேராக ஓடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு: 4,50,000 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பி-மதிப்பு 0.05 வரம்பு, அதாவது வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 5%. இரண்டு குழுக்களுக்கும் இடையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், ஏறக்குறைய 22,500 இடங்கள் வித்தியாசம் உண்டென்று பொய்ச்சாட்சி சொல்லும்.

புகைப்பவர், புகைக்காதவர் ரத்த மாதிரிகளை வைத்துக்கொண்டு தொடங்குவோம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியும் அதிலுள்ள மின்ஃபி, லிம்மா தொகுப்புகளும் போதும்.

படி 1: குப்பையை நீக்குதல்

சிப்பை வருடிய கருவி தரும் ஐடாட் கோப்புகளை மின்ஃபியில் ஏற்றுங்கள். ஒவ்வோர் இடத்தையும் அளக்கும் சிறு டிஎன்ஏ துண்டுதான் புரோப். கண்டறிதல் பி-மதிப்பு 0.01ஐத் தாண்டி, பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாத புரோப்கள், மரபணு வேறுபாடு அமர்ந்திருக்கும் புரோப்கள், பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும் புரோப்கள் எல்லாம் வெளியே. எக்ஸ், ஒய் குரோமோசோம்களைத் தூக்குவதற்கு முன், அவற்றை வைத்து ஒவ்வொரு மாதிரியும் ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள். பட்டியலோடு பொருந்தவில்லையா? எங்கோ குழாய் மாறியிருக்கலாம்.

படி 2: பீட்டாவிலிருந்து எம்

பீட்டா என்பது 0 முதல் 1 வரை. மெத்தில் ஏறிய பங்கு. இரண்டு ஓரங்களிலும் சிதறல் சுருங்கிவிடுவதால் சோதனைக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. பீட்டாவை (1 − பீட்டா) ஆல் வகுத்து, 2ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுங்கள். அதுதான் எம். பீட்டா 0.5 என்றால் எம் 0; 0.8 என்றால் 2. சோதனை எம்மில், முடிவைச் சொல்வது பீட்டாவில்.

படி 3: ரத்தம் ஒரு கலவை

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வெள்ளையணு வகைகளான நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் மெத்திலேற்றம் வேறு வேறு. புகைப்பவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடுதலாக இருப்பது வழக்கம். அணுக்களின் விகிதம் மாறியதை மெத்திலேற்றமே மாறியதாக எளிதில் நினைத்துவிடுவோம். 2012இல் ஹவுஸ்மன் குழு கொடுத்த முறை, மெத்திலேற்றத் தரவிலிருந்தே அணு விகிதங்களை மதிப்பிடுகிறது. மின்ஃபியிலேயே அதற்கு வழி உண்டு.

இன்னொன்று: மாதிரிகளை ஏற்றும் தகடான 450கே ஸ்லைடு ஒன்றில் 12 மாதிரிகள். புகைப்பவர்களை எல்லாம் ஒரு ஸ்லைடிலும் மற்றவர்களை வேறொன்றிலும் வைத்துவிட்டால், புகையின் விளைவையும் ஸ்லைடின் விளைவையும் பிரிக்க முடியாது; எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது.

படி 4: லிம்மா

புகைப்பழக்கம், வயது, பாலினம், அணு விகிதங்கள், ஸ்லைடு எல்லாவற்றையும் ஒரே மாடலில் போடுங்கள். மாதிரிகள் குறைவாக இருக்கும்போது, சில இடங்களில் சிதறல் தற்செயலாகச் சிறுத்து, டி-மதிப்பு வீங்கிவிடும். லிம்மா மற்ற இடங்களின் சிதறலையும் பார்த்து அதைச் சமன்செய்யும்.

படி 5: வரம்பு

போன்ஃபெரோனி வழியில் 0.05ஐ 4,50,000ஆல் வகுத்தால் சுமார் 0.00000011. ரொம்பக் கறார். முதல் சலிப்புக்கு, தேறியவற்றில் பொய்யானவற்றின் பங்கைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி-ஹோக்பெர்க் (1995) முறையே எனக்குப் பிடித்தது. 5% என்று வைத்து 200 இடங்கள் தேறினால், சராசரியாகப் பத்துவரை பொய்யாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்கிறோம். அப்புறம் பீட்டா வித்தியாசத்தையும் பாருங்கள். மாதிரிகள் நிறைய இருந்தால் 0.005 வித்தியாசம்கூடத் தேறிவிடும்.

படி 6: உரைகல்

பட்டியலில் சிஜி05575921 இருக்கிறதா? ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் உள்ள இந்த இடத்தில், புகைப்பவர்களுக்கு மெத்திலேற்றம் குறைவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஓரளவு பெரிய தரவில் அது மேல்வரிசையில் வரவில்லை என்றால், புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்காமல் மாதிரிப் பட்டியலைத் திறந்து, பெயர்கள் வரிசை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.