பாலக்காட்டுக்குக் குடிவருகிறவர்களே, ஒரு சைக்கிள் வாங்குங்கள்

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வேலை, ஐஐடியில் படிப்பு, ரயில்வேயில் மாற்றல், கல்யாணம் என்று ஏதோ ஒரு காரணத்தில் பாலக்காட்டுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஒரே பழக்கத்தில் விழுந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பையை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். 50 கிலோமீட்டர்தானே. மளிகை அங்கே, டாக்டர் அங்கே, கோயில் குளம் சினிமா எல்லாம் அங்கே. இங்கே ராத்திரி படுப்பது மட்டும்தான். வருடங்கள் ஓடியும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பல வருடங்களாக இங்கேயே இருப்பவன் என்ற முறையில் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். முதல் ஆறு மாதம் சனி ஞாயிறுகளில் மாநில எல்லையான வாளையாரைத் தாண்டாதீர்கள். ஒரு சைக்கிள் வாங்கி, விடிந்ததும் எங்காவது ஒரு பக்கம் போய் வாருங்கள். இந்த ஊர் கைக்கு வருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. மலையேற்றத்துக்கு உதவுகிற மாதிரி சில கியர்கள் இருக்கட்டும். டயர் ரொம்ப மெலிசாக வேண்டாம். கால்வாய்க் கரை வழிகளில் சரளைக்கல்லும் மழைக்குப் பின் குழியும் உண்டு. 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். வால்வை மட்டும் கவனியுங்கள். கிராமத்து சைக்கிள் கடையில் இருப்பது பழைய நாட்டு சைக்கிள் டியூபுக்கான பம்ப், பெட்ரோல் பங்க்கில் இருப்பது பைக் வால்வுக்கானது. உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வ் இருந்தால் பங்க்கில் இருப்பது பொருந்தாது, கடையில் இருப்பதும் பொருந்தும் என்று நம்பமுடியாது. அடாப்டர் ஒன்றும் ஒரு மாற்று டியூபும் சீட்டுக்கு அடியில் பையில் கிடக்கட்டும்.

அடுத்து, காற்று. பாலக்காட்டில் சைக்கிள் ஓட்டுவது என்றால் காற்றைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. வடக்கே மலம்புழா, தோணி மலைகள், தெற்கே நெல்லியாம்பதி. நடுவில் தடுக்க எதுவும் கிடையாது. கேரளத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே ஓடுகிற காற்றெல்லாம் இந்தக் கணவாய் வழியாகத்தான் போகவேண்டும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.

கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போடுகிற சமயத்தில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று கிளம்பும். இங்கே அதை விருச்சிகக் காற்று என்பார்கள். தை, மாசி வரைக்கும் விடாது. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுக்குப் போகும், ராத்திரி ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை திசை மாறி மேற்கிலிருந்து மழையோடு வரும். ஆகவே பழைய சவாரிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: போகும்போது காற்றை எதிர்த்துப் போ, திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரட்டும். குளிர்காலத்தில் கிழக்கே கஞ்சிக்கோடு, எலப்புள்ளி, சித்தூர்ப் பக்கம் கிளம்புங்கள். மழைக்காலத்தில் மேற்கே பறளி பக்கம் போங்கள். கல்பாத்திப் புழையும் கண்ணாடிப் புழையும் சேர்ந்து பாரதப்புழை ஆகிற இடம் அங்கேதான் இருக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்தால், தெம்பாக இருக்கும்போது பறந்து போய்விட்டுக் கடைசி 10 கிலோமீட்டரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

தெற்கே போகும் ரோடுகளில், குறிப்பாகக் கொடுவாயூரிலிருந்து புதுநகரம் வழியாகக் கொல்லங்கோடு போகும் ரோட்டில், காற்று பக்கவாட்டில் அடிக்கும். இரண்டு பக்கமும் வீடும் தென்னையும் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தென்னை முடிந்து வயல் திறக்கிற இடத்தில் ஒரே தள்ளாகத் தள்ளும். அந்த இடம் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, ஹேண்டிலை இறுக்காமல் உடம்பைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு போங்கள். எதிரே பஸ் வரும்போது ரோட்டு ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். பஸ் கடந்துபோகிற நொடியில் காற்று நின்று, உடனே மறுபடி அடிக்கும். அதற்குத் தடுமாற ஒரு முழ இடமாவது உங்களுக்கு வேண்டும்.

மழையைப் பற்றிப் பயப்படவேண்டாம். ஜூன், ஜூலையில் டவுனிலும் மலம்புழாவிலும் கொட்டுகிற நாட்களில் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வெறும் மேகமூட்டமாக இருக்கும். அந்தப் பகுதிக்கு மழை குறைவு. பனைமரமும் நிலக்கடலையும் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கும் காய்ந்த நாடு. ஒரே மாவட்டத்தில் மழையும் வெயிலும் பங்கு போட்டுக்கொள்வதை சைக்கிளில் போனால்தான் நம்ப முடியும். ஐப்பசி மழை வேறு ரகம். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு வரும். காலை 10 மணிக்குள் வீடு திரும்பிவிட்டால் போதும். மழையில் நனைந்து வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் மறுநாளே செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கும்.

உண்மையிலேயே பயப்படவேண்டியது வெயிலுக்குத்தான். கேரளம் என்றால் குளிர்ச்சி என்று நினைத்து வருகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் அதிர்ச்சியாக இருக்கும். 40 டிகிரியைத் தாண்டும். 2024 ஏப்ரலில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது. கோடையில் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு 12 மணியிலிருந்து 3 மணி வரை ஓய்வு கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போடுகிற ஊர் இது. அந்த இரண்டு மாதமும் காலை 8 மணிக்கு மேல் சைக்கிளைத் தொடாதீர்கள். கோட்டையைச் சுற்றி சாயங்காலம் நடக்கப் போங்கள், போதும். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை. அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது.

முதல் சவாரிக்கு மலம்புழா அணை நல்லது. டவுனிலிருந்து ஒலவக்கோடு வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர். பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அணையைக் கட்டியதும் சென்னை அரசுதான். 1955-ல் திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராஜர். பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த யட்சி உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சைக்கிள்காரருக்கு விருந்து அணைக்கு அப்பால் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகிற கவா ரோட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மலை.

அந்த ரோட்டுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள், இருட்டுவதற்கு வெகு முன்பே திரும்புங்கள். தோணி, மலம்புழா, கஞ்சிக்கோட்டு மலையடிவாரம், வாளையார் எல்லாம் யானை நடமாடும் இடம். பி.டி. 7 என்று வனத்துறை பெயரிட்டிருந்த யானை தோணிப் பக்கம் காலை நடைக்குப் போன ஒருவரைக் கொன்றது; 2023 ஜனவரியில் மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்தார்கள். அந்த ஒரு யானை போனதால் காடு காலியாகிவிடவில்லை. விடியற்காலை நாலரைக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு போகிற நகரத்துப் பழக்கத்தை இந்த ரோடுகளில் விட்டுவிடுங்கள். சைக்கிள் சத்தமே இல்லாமல் போகும் வண்டி. யானைக்கு நீங்கள் வருவது தெரியாது, வளைவில் அது நிற்பது உங்களுக்கும் தெரியாது. டீக்கடை திறந்திருந்தால் இறங்கி, நேற்று இங்கே இறங்கியதா என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் அங்கே கிடைக்கும் தகவலுக்கு ஈடு கிடையாது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ராமசேரிக்குப் போங்கள். எலப்புள்ளிப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த முதலியார் குடும்பங்கள் இங்கே இட்லி செய்கிறார்கள். விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கும் மண்பானை. அதன் மேல், வாயில் நூலால் வலை பின்னிய மண்வளையம். வலை மேல் ஈரத்துணியை விரித்து மாவை ஊற்றி, அப்படியே அடுக்கடுக்காக ஏற்றி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து மூடுவார்கள். வெந்ததும் துணியோடு எடுத்து உரித்துப்போடும்போது தோசைக்கும் இட்லிக்கும் நடுவே ஒரு தட்டையான வட்டம் ஆவி பறக்க இலையில் விழும். பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடுப்பார்கள். சீக்கிரம் போகாவிட்டால் கூட்டத்தில் நிற்கவேண்டிவரும்.

அங்கே உட்கார்ந்து பேசிப் பாருங்கள். இந்த ஊரில் தமிழ் நேற்று வந்ததல்ல. கல்பாத்தி அக்கிரகாரமும் புதுநகரத்து ராவுத்தர்களும் சித்தூர்த் தாலுகாவின் விவசாயிகளும் பல தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். “நீங்க எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?” என்று அவர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்கு இதுதான் ஊர். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, அந்தத் தாலுகாவில் தமிழ் மீடியம் வகுப்புள்ள அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிறவர்கள் நேரில் போய்ப் பாருங்கள்.

அதே சமயம், எல்லோருக்கும் தமிழ் புரிகிறது என்பதற்காக மலையாளம் கற்காமல் இருந்துவிடாதீர்கள். எழுத்தை முதலில் படியுங்கள். பிரைவேட் பஸ் போர்டு, கிராமத்துக் கைகாட்டி, பஞ்சாயத்து நோட்டீஸ் எல்லாம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு சவாரியிலும் ரோட்டோரப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனால் சீக்கிரமே கை வந்துவிடும். கடையில் சேட்டா, சேச்சி என்று கூப்பிட்டுத் தப்பும் தவறுமாகப் பேசுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சந்தோஷமாகத் திருத்திக் கொடுப்பார்கள்.

வீட்டு விஷயம் கொஞ்சம். வாடகைக்கு வீடு பார்க்கும்போது கிணறு ஏப்ரலில் வற்றுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஹோட்டலில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைத்தால் திகைக்கவேண்டாம், பதிமுகம் என்ற மரக்கட்டைச் சீவல் போட்டுக் காய்ச்சியது. பொன்னி அரிசி தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் பாலக்காட்டு மட்டையரிசியை ஒரு மாதம் சாப்பிட்டுப் பாருங்கள், நீண்ட சவாரி நாளில் பசி தாங்கும். பிளாஸ்டிக் குப்பையைக் கழுவிக் காயவைத்து மூட்டை கட்டிவைக்கவேண்டும். ஹரித கர்ம சேனாப் பெண்கள் வீடு தேடி வந்து மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப்போவார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பஞ்சாயத்தில் காரியம் ஆகும்போது கேட்கலாம். சர்டிபிகேட், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அட்சயா மையம் இருக்கிறது, நம் இ-சேவை மாதிரி. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் பழைய ஆர்டிஓவில் என்ஓசி வாங்கி இங்கே மறுபதிவு செய்யவேண்டும். சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹர்த்தால் அன்று ரோடு காலியாகக் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலொழிய வீட்டில் இருப்பதே மரியாதை.

தேசிய நெடுஞ்சாலை 544-ல் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதில் போங்கள், இல்லாத இடத்தில் கிராமத்து ரோட்டைத் தேடுங்கள். எப்படியும் ஒன்று இருக்கும்.

ஒரு வருடம் ஓட்டிக் கால் உறுதியான பிறகு நெல்லியாம்பதியை நினைக்கலாம். நெம்மாறா வழியாகப் போத்துண்டி அணை வரை சமதளம். அங்கே வனத்துறை செக்போஸ்ட். சைக்கிளை விடுவார்களா, எத்தனை மணிக்குள் இறங்கவேண்டும் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறா வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் சைக்கிளோடு போகவே முடியாது, அவ்வளவு கூட்டம். ஏற்றத்துக்குத் தண்ணீர் இரண்டு பாட்டில் வேண்டும். அதைவிட முக்கியம் இறக்கம்: கிளம்புவதற்கு முன் பிரேக் ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள், கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், தனியாகப் போகாதீர்கள்.