டேபிள்பேஸ் சேர்த்தும் எஞ்சின் தடுமாறுகிறதா?

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் சிஸிஜி டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த கோப்புகள்) சேர்க்கும்போது அதிகம் நடக்கும் தவறு இது: டபிள்யூடிஎல் கோப்புகளை மட்டும் இறக்கிவிட்டு, இடத்தை அடைக்கிறதே என்று டிடிஇசட் கோப்புகளை விட்டுவிடுவது. ஒரு நிலை வெற்றியா, டிராவா, தோல்வியா என்பதை மட்டுமே டபிள்யூடிஎல் சொல்லும். தேடலின் நடுவே எஞ்சின் கேட்பதும் அதைத்தான். ஆனால் பலகையில் இருக்கும் நிலையே டேபிள்பேஸுக்குள் வந்துவிட்டால், அடுத்த வெட்டோ சிப்பாய் நகர்வோ எவ்வளவு தூரத்தில் என்பதும் தெரிய வேண்டும். அது டிடிஇசட்டில் இருக்கிறது. இல்லாவிட்டால் வெற்றி தரும் பத்து நகர்வுகளும் ஒன்றுபோல் தெரியும். எளிய நிலைகளில் தேடலே கரைசேர்த்துவிடும்; கடினமானவற்றில் ராஜா அங்குமிங்கும் உலாவி, 50 நகர்வு விதியில் (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஆளுக்கு 50 நகர்வு போனால் டிரா) மாட்டிக்கொள்ளும்.

டிடிஇசட் எண்ணை மேட்டுக்கான தூரமாகப் படிப்பதும் தவறு. 6 என்றால் ஆளுக்கு மூன்று நகர்வு, அதுவும் அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரைக்கும்தான்.

காய்க் கணக்கில் இரண்டு ராஜாக்களும் சேர்த்தி. யானையும் சிப்பாயும் எதிரே யானை என்றால் அது 5 காய் நிலை. 3 முதல் 5 காய் வரை 1 ஜிபிக்குள் அடங்கும். 6 காய்க்கு ஏறக்குறைய 150 ஜிபி. 7 காய் என்றால் 16 டிபிக்கு மேல். 6 காய் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு சின்னவற்றை அழித்துவிடாதீர்கள். ஒரு காய் வெட்டுப்பட்டதும் எஞ்சின் 5 காய் கோப்பைத்தான் தேடும்.

எஞ்சினுக்கு டேபிள்பேஸ் இருக்கும் பாதையைக் கொடுக்கும்போது விண்டோஸில் ஃபோல்டர்களுக்கு இடையே அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. மாற்றிப் போட்டால் எஞ்சின் சத்தமே இல்லாமல் டேபிள்பேஸ் இன்றி ஆடும். அதனால் தொடங்கியதும் எத்தனை டேபிள்பேஸ் கிடைத்தன என்று வரும் செய்தியைப் பாருங்கள்: 6 காய் வரை முழுமையாக இருந்தால் 510, 5 காய் வரை என்றால் 145. பிறகு ஒரு 4 காய் நிலையைக் கொடுத்து ஓடவிடுங்கள். டிபிஹிட்ஸ் (டேபிள்பேஸில் பதில் கிடைத்த எண்ணிக்கை) 0 என்றே நின்றால் எதுவும் படிக்கப்படவில்லை.

பாதியில் அறுந்த டவுன்லோடு இன்னொரு தொல்லை. கோப்பின் பைட் அளவை 64 ஆல் வகுத்தால் மீதி 16 வர வேண்டும். வராவிட்டால் ஸ்டாக்ஃபிஷ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மீதி சரியாக இருந்தாலும் உள்ளே பிழை இருக்கலாம், எனவே எம்டி5 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) சரிபார்ப்பதே உறுதி.

டபிள்யூடிஎல்லை எஸ்எஸ்டியில் வையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க் தேடித் திரிய, எஞ்சினின் வேகம் சரியும். டிடிஇசட் எப்போதாவதுதான் தேவைப்படும். அதற்கு ஹார்டு டிஸ்க் போதும். வேறு வழியில்லை என்றால் சிஸிஜி புரோப் டெப்த்தை (தேடலில் எவ்வளவு ஆழம் மீதமிருந்தால் டேபிள்பேஸைக் கேட்பது என்ற அமைப்பு) 1-லிருந்து உயர்த்துங்கள்.

50 நகர்வு விதிக்கான அமைப்பை வெறுமனே அணைத்து வைக்க வேண்டாம். இரண்டு பிஷப் எதிரே ஒரு குதிரை என்ற முடிவாட்டத்தில் குதிரையைப் பிடிக்கச் சில நிலைகளில் 66 நகர்வு ஆகும். டேபிள்பேஸில் வெற்றி, பலகையில் டிரா! அமைப்பு அணைந்திருந்தால் எஞ்சின் அதை முழு வெற்றி என்றே நம்பி, நல்ல நிலையை விட்டுவிட்டு அதற்குள் இறங்கும்.