கடனுக்குக் கிரயம் எழுதாதீர்கள்: மீட்பில் நடக்கும் தவறுகள்

போன வாரம் என்னிடம் பத்திரம் எழுதப் பழகும் தம்பி ஒரு வரைவை நீட்டினான். கடனுக்கு நிலத்தைக் கிரயமாக, அதாவது விற்றதாகவே எழுதியிருந்தான். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. 20 வருசத்துக்கு முன் கோபியில் நான் செய்த அதே தவறு.

திருப்பித் தரும் நிபந்தனையைத் தனித்தாளில் எழுதுவது

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சள் காடு. மகள் கல்யாணத்துக்குக் கடன். கொடுத்தவர் சொந்தக்காரர். "அடமானம்னா ஊர்ல பேசுவாங்க மாப்பிள்ளை. கிரயமாவே போட்டுக்கலாம். பணம் வந்தா அன்னிக்கே திருப்பி எழுதிக் குடுத்தர்றனுங்க."

கிரயப் பத்திரம் பதிவானது. பணம் வந்தால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருவதாகச் சொல்லும் மறுகிரய ஒப்பந்தத்தை, மூன்று வருசக் கெடுவோடு, தனி முத்திரைத்தாளில் நான்தான் எழுதினேன். கெடு தாண்டி நாற்பதாம் நாள், மஞ்சள் விற்ற பணத்தை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு போனார் அந்த விவசாயி. விரல் நகத்திலெல்லாம் மஞ்சள் கறை. "கெடு முடிஞ்சுதுங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காடு போயிற்று.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் 1929இல் ஒரு திருத்தம் வந்தது. திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானம் என்று வாதாடவே முடியும். தனித்தாளில் இருந்தால் கிரயம் கிரயம்தான். கெடு தவறினால் நிலம் திரும்பாது. அடமானமாக எழுதியிருந்தால் 60ஆம் பிரிவு காப்பாற்றியிருக்கும். கெடு தாண்டினாலும் பணத்தைக் கட்டி மீட்கலாம். 'குறித்த நாளில் மீட்காவிட்டால் நிலம் உனக்கே' என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்த உரிமை போகாது. வழக்குப் போட 30 வருடம் அவகாசம் உண்டு. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து இத்தனையையும் விடலாமா? நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது

அடமானக் கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும்.

கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுக்கிறார் என்று ஒதுங்கிவிடுவது

அதே சட்டத்தின் 83ஆம் பிரிவுப்படி கோர்ட்டில் கட்டுங்கள்.

மீட்பு என்றால் மோட்சம் என்று மட்டும் நினைப்பது

கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வாடிக்கையாளர்தான் எனக்கு இதை விளக்கினார். பைபிளில் லேவியர் 25ஆம் அதிகாரம் பேசுவது நிலத்தைப் பற்றி. வறுமையில் ஒருவன் காணியை விற்றால், நெருங்கிய சொந்தக்காரன் வந்து மீட்டுக் கொடுக்க வேண்டும். ரூத்தின் கதையில் போவாஸ் ஊர்வாசலில் பெரியவர்களை உட்கார வைத்து, எல்லோர் முன்னும் நிலத்தை மீட்கிறார். பாவத்திலிருந்து மீட்பவர் என்ற பேச்சுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் சொல்லே அடிப்படை. அவர் சொல்லி முடித்தபோது எனக்கு அந்த மஞ்சள் காடுதான் கண்ணில் நின்றது.

தம்பியின் வரைவைக் கிழித்துவிட்டேன். அடமானப் பத்திரமாகவே புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறான்.