திருவனந்தபுரம்–துபாய்–லண்டன்: தூரமும் நேரமும் நாமே கணக்குப் போட

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் அளக்காதீர்கள், அது தூரத்தைத் தப்பாகக் காட்டும். பிள்ளைகள் படிக்கும் உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் போதும். நூலைத் திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்கு இறுக்கிப் பிடித்து, அதே நீளத்தை நிலநடுக்கோட்டில் வைத்துப் பாகை எண்ணுங்கள். ஒரு பாகை 111 கி.மீ. ஏறக்குறைய 75½ பாகை வரும். அதாவது 8,400 கி.மீ. துபாய்க்கு 26½ பாகை, 2,950 கி.மீ. துபாயிலிருந்து லண்டன் 5,500 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 8,450. துபாய் வழியாகப் போனாலும் தூரம் 50 கி.மீ.தான் கூடுகிறது. நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான்.

பறக்கும் நேரத்துக்கு, விமான வேகம் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்துத் தூரத்தை 850ஆல் வகுத்து, ஓடுபாதைக்கு நகர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேருங்கள். துபாய்க்குச் சுமார் 4 மணி, அங்கிருந்து லண்டனுக்கு 7 மணி. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் லண்டன் போகும்போது இன்னும் கொஞ்சம் இழுக்கும், திரும்பும்போது மிச்சமாகும். மேற்காசியாவில் வான்வழியை மூடினால் சுற்றிப் போகவேண்டும்; அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட 1½ மணி பின்னால். காலை 4.30க்குக் கிளம்பி 7.10க்கு இறங்கினால் பயணம் 2.40 அல்ல, 4.10. திரும்பி வரும்போது அந்த 1½ மணியைக் கழிக்கவேண்டும். லண்டன் குளிர்காலத்தில் 5½ மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4½ மணிதான்.

பலரும் ஏமாறுவது தேதியில். 12ஆம் தேதி 02.30 என்றால் 11ஆம் தேதி ராத்திரியே வீட்டை விட்டு இறங்கவேண்டும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக, அதாவது ராத்திரி 11.30க்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருக்கவேண்டும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ.; தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று வழிநெடுக நெரிசல். ஆகவே இரவு எட்டரைக்கே வண்டி கிளம்பட்டும். துபாய்க்கு நான்கு மணிப் பயணம் என்றாலும், வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் பத்து மணிக்குக் குறையாது.

பங்குனி, ஐப்பசியில் டிக்கெட் எடுத்தால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது, நேரத்தை மாற்றிவிடுவார்கள்.

டிரைவரிடம் ‘சாக்கை பக்கம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பன்னாட்டு முனையம் அங்கேதான். உள்நாட்டு முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சங்குமுகத்தில் இருக்கிறது. தவறிப் போனால் ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும்.