சென்னைச் சுற்றுலாவின் கடைசி நாள்: நெல்லைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு ஆண்டு விடுமுறையில் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் குடும்பங்கள் முதல் நாட்களைக் கவனமாகத் திட்டமிடுகின்றன. பார்க்காமல் விட்ட இடம், வாங்காமல் விட்ட துணி, போகாமல் விட்ட சொந்தக்காரர் வீடு ஆகிய அனைத்தையும் கடைசி நாளின் தலையில் சுமத்திவிடுகின்றன. அந்த நாளோ முழு நாள் அல்ல. ஊர் திரும்பும் வண்டி எப்போது, எங்கிருந்து புறப்படுகிறது என்பதை முதலில் எழுதிவைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால்தான் கையில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது தெரியும்.

2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் திரும்புகிறவர்களுக்குக் காலை நேரம் மட்டுமே உண்டு. அது பிற்பகல் மூன்று மணிக்குள் எழும்பூரிலிருந்து கிளம்பிவிடும். நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்புகிறவர்களுக்கு இரவு வரை நேரம் இருப்பதுபோலத் தோன்றினாலும், மாலை ஐந்து மணிக்கு மேல் நகரச் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும் என்பதால், நான்கரை மணியோடு ஊர் சுற்றுவதை முடித்துக்கொள்வதே நல்லது. பேருந்துப் பயணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தென்மாவட்டங்களுக்கான அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்தே புறப்படுகின்றன. பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்கும் குடும்பம், அங்கிருந்து மூட்டை முடிச்சுகளோடு நகரின் தென்கோடிக்கு ஓட வேண்டியிருக்கும். ரயில் பயணிகளும், எழும்பூர் நிலையத்தின் சீரமைப்புப் பணிகளால் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து புறப்படும்படி மாற்றப்பட்டிருப்பதை மனத்தில் கொண்டு, அன்று காலையிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எழும்பூரில் ஏறுவதாகப் பதிவுசெய்துவிட்டு, ஏறும் நிலையத்தின் பெயரை மாற்றாமல் தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதும் தவறு. பரிசோதகர் ஆள் வரவில்லை என்று குறித்து, படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட இடமுண்டு.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் பெரிய தவறு, வண்டி ஏறும் திசைக்கு எதிர்த்திசையில் போவது. மாமல்லபுரம் சென்னையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஞாயிறு மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை இரண்டாம் நாளில் வைத்துக்கொள்ளலாம். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறுகிறவர்களுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா பொருத்தமான இடம். ஆனால் 600 ஹெக்டேருக்கும் மேல் பரந்த அந்தப் பூங்காவுக்கு மதியத்துக்கு மேல் சென்றால், கோடை வெயிலில் பிள்ளைகள் நடந்து களைப்பார்களே தவிர எதையும் நிறைவாகப் பார்க்க மாட்டார்கள். காலையில் திறந்ததும் உள்ளே சென்றுவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

எழும்பூரில் ரயில் ஏறுகிறவர்கள் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. 1851 இல் தொடங்கப்பட்ட அந்தக் காட்சியகத்தில், நம் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்கள் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திருச்செந்தூருக்குப் பலமுறை போய்வந்த பிள்ளைகள், அந்தப் பாதையோரத்து மண்ணுக்கடியில் கிடந்த வெண்கலத்தையும் இரும்பையும் சென்னையில் நின்று பார்ப்பது சாதாரண அனுபவம் அல்ல. வெள்ளிக்கிழமை அது திறக்காது என்பதால், கடைசி நாள் வெள்ளியாக அமைந்தால் முந்தைய நாளிலேயே பார்த்துவிட வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலை நினைத்திருப்பவர்களும், நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு காலையிலேயே செல்ல வேண்டும்.

அடுத்தது, சொந்தக்காரர் வீடு. நம் பக்கத்தில் சென்னையில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாத குடும்பம் குறைவு. "ஊருக்குப் போகிற அன்று வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். நெல்லை வீட்டில் யாரும் யாரையும் தலையைக் காட்டியதும் அனுப்பிவிடுவதில்லை. சொதிக்குத் தேங்காய்ப் பால் எடுத்து வைத்துக் காத்திருக்கும் மைனியிடம், இலையில் உட்கார்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்ப்பது அவருக்கு மனக்குறை, நமக்கும் சங்கடம். வேளச்சேரியில் ஒரு வீடு, அம்பத்தூரில் ஒரு வீடு என்று இரண்டு இடம் ஒப்புக்கொண்டால் அன்றைய நாள் அதோடு முடிந்துவிடும். உறவினரை வந்து சேர்ந்த நாளன்றே பார்த்துவிடுவது மரியாதைக்கும் உகந்தது, நேரத்துக்கும் உகந்தது. அப்படி முடியாதபோது, ஏன் வர இயலவில்லை என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால் பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் வந்துவிடுவதுதான் அடுத்த கல்யாண வீட்டில் பேச்சாக வரும்.

தியாகராய நகரில் துணி எடுப்பதைக் கடைசிப் பிற்பகலுக்குத் தள்ளுவதும் பரவலான தவறு. 1924 இல் திருநெல்வேலியில் தொடங்கிய ஆர்.எம்.கே.வி.யின் பட்டுச்சேலையை எடுக்க, ரயிலுக்குச் சில மணி நேரம் முன்பு சென்னைக் கூட்டத்தில் நெருக்கியடிக்க வேண்டியதில்லை. ஊருக்கு வந்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால், திரும்பும்போது ஆட்டோவை நம்பாமல் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறுங்கள். நான்காவது நிறுத்தம் எழும்பூர். மாலை நெரிசல் பெரும்பாலும் தாம்பரம் செல்லும் ரயில்களில்தான் இருக்கும்.

விடுதி அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதை முந்தைய இரவே கேட்டுக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் நண்பகல், சிலவற்றில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம். ரயில் நிலையத்துப் பொருள் வைப்பறையில் பூட்டிய பைகளைத்தான் வாங்குவார்கள் என்பதால், ஒரு சிறு பூட்டு இல்லாத குறைக்காகப் பைகளை நாள் முழுவதும் தூக்கித் திரிய வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது ஆச்சிகளையும் தாத்தாக்களையும்தான். மூன்று நாள் பிள்ளைகளின் விருப்பத்துக்கு நடந்தவர்களைக் கடைசி நாளிலும் "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று இழுத்துச் செல்வது சரியல்ல. அன்று எங்கே போக வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். கடற்கரை என்று சொன்னால், மெரினாவுக்கு வெயில் ஏறுவதற்கு முன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நீரோட்டம் ஆபத்தானது என்பதால் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடக் கூடாது. வெளியே எங்கும் போகவேண்டாம், அறையில் படுத்திருக்கிறேன் என்று ஆச்சி சொன்னால், ஒருவர் அவரோடு தங்கிவிட்டு மற்றவர்கள் போய்வரலாம். குடும்பம் அப்படிப் பிரியும்போது பயணச்சீட்டின் படத்தை எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். எழும்பூர் நிலையத்துக்குக் காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு வாசலும், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொரு வாசலும் இருப்பதால், எந்த வாசலில் சந்திப்பது என்பதையும் காலையில் பிரிவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.